கை எட்டும் இடத்தில் மீன் தொட்டி

தொட்டி வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், தங்கச்சிகளே, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். குளியலறைக் குழாயில் ஆரம்பித்து, தொட்டி வைக்க நினைத்திருக்கும் இடம் வரை. நடுவில் சோபா இடிக்கிறதா? மிதியடி தடுக்குகிறதா? வாசற்படியில் தண்ணீர் தளும்புகிறதா? வாரா வாரம் நீங்கள் நடக்கப்போகும் பாதை அதுதான். அது சிரமமாக இருந்தால் வேறு மூலை பாருங்கள்.

சேலையூர், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் அடுக்குமாடிகளின் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால், தண்ணீர் டேங்குக்கு அடியில் காலி மீன் தொட்டி ஒன்று கிடக்கும். உள்ளே உடைந்த பூந்தொட்டி, பழைய கயிறு. வாங்கியவர்களுக்கு மீன் மேல் ஆசை விட்டுப்போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. சுத்தம் செய்யக் கஷ்டமான இடத்தில் தொட்டி இருந்திருக்கும். ஒரு வாரம் தள்ளிப்போட்டிருப்பார்கள், அது ஒரு மாதம் ஆகியிருக்கும், பாசி படர்ந்திருக்கும், மீன்கள் ஒவ்வொன்றாகப் போயிருக்கும்.

ஹாலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படவேண்டும் என்றுதான் எல்லோரும் இடம் தேடுகிறோம். அந்த ஆசை தப்பில்லை. ஆனால் முதலில் கைக்கு இடம் பாருங்கள், பிறகு கண்ணுக்கு. கை எளிதாகப் போய்வரும் தொட்டி சுத்தமாக இருக்கும். சுத்தமான தொட்டி சமையலறைப் பக்கத்துச் சுவரோரம் இருந்தால்கூடப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

கை என்ன வேலை செய்யப்போகிறது என்று தெரிந்தால் இடம் தானாகப் புரியும். பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது 2 அடித் தொட்டி. 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 70 லிட்டர் பிடிக்கும். வாரம் ஒருமுறை அதில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். அதாவது 17, 18 லிட்டர், நம் வீட்டுப் பெரிய வாளியில் ஒன்று. அவ்வளவுதான் வேலை. மீனையெல்லாம் குண்டானில் பிடித்துப் போட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லை எல்லாம் தேய்த்துக் கழுவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தக் கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருக்கின்றன. தேய்த்துக் கழுவினால் அவையும் போய்விடும். கழுவிய மூன்றாம் நாள் மீன் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பழைய தண்ணீரை வாளியில் மொண்டு எடுக்க வேண்டாம். அரை அங்குலக் குழாய் ஒன்று வாங்குங்கள், மீன் உள்ளே போகாதபடி ஒரு முனையில் வலைத்துணி கட்டுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை. பாத்ரூம் குழாயில் பிடித்து அதை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்துக்கொண்டு, வலை கட்டிய முனையைத் தொட்டிக்குள்ளும் இன்னொன்றைக் கீழே இருக்கும் வாளிக்குள்ளும் விட்டு விரலை எடுத்தால் தானாக இறங்கும். தொட்டி உயரத்திலும் வாளி தரையிலும் இருந்தால் போதும். குழாயின் நீளத்துக்குள் பால்கனியோ சர்வீஸ் ஏரியாவோ இருந்தால் வாளிகூட வேண்டாம், நேராகச் செடித் தொட்டிக்கே விடலாம். மீன் தொட்டித் தண்ணீரை ஊற்றிய துளசியையும் மணி பிளான்ட்டையும் ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். உரம் தனியாக வாங்கத் தோன்றாது.

அடுத்தது உயரம். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். தொட்டிக்குள் சாவகாசமாகவே கை நுழைய வேண்டும். சுவரை ஒட்டி நின்று, உங்கள் அக்குள் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று இஞ்ச் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தொட்டியின் மேல் விளிம்பு அதற்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ளவர்களுக்கு 28 அங்குல ஸ்டாண்டில் 15 அங்குலத் தொட்டி சரியாக அமையும். சோபாவில் உட்கார்ந்து பார்த்தாலும் மீன்கள் ஏறக்குறைய கண்மட்டத்தில் தெரியும். முன் விளிம்பிலிருந்து பின்பக்க அடி மூலை வரை குறுக்கே அளந்தால் அந்தத் தொட்டியில் 19 அங்குலம்தான். கையை விட்டால் விரல் நுனி மூலையைத் தொட்டுவிடும். கடைக்காரர் 18 அங்குல அகலம், 24 அங்குல உயரத்தில் ஒன்றைக் காட்டி, "இதுல வச்சா சூப்பரா இருக்கும் மேடம்" என்பார். அதன் குறுக்களவு 30 அங்குலம். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் அடிக்கல்லைத் தொடமுடியும். வாரா வாரம் ஸ்டூல் ஏறி, ஈரக்கையோடு குனிந்து வேலை செய்யும்படி ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

தொட்டிக்கு மேலேயும் இடம் வேண்டும். நம் பக்கத்துப் பழைய ஃபிளாட்களில் ஹாலில் கடப்பா கல் பதித்த ஷோகேஸ் இருக்கும். தொட்டி அளவெடுத்து செய்ததுபோல அதில் பொருந்தும். வைக்காதீர்கள். மூடியைத் திறக்கவே மேலே இடமிருக்காது, கையை எங்கே விடுவது? மேல் விளிம்புக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் ஒன்றரை அடியாவது வெற்றிடம் இல்லாத எந்த இடமும் மீன் தொட்டிக்கு ஆகாது. பரணுக்கு அடியில் வைப்பவர்கள் இதையும் அளந்துகொள்ளுங்கள்: மூடி திறக்கும்போது எங்கே போய் நிற்கும்? முன்பாதி மட்டும் திறக்கும் கண்ணாடி மூடி கிடைத்தால் நல்லது.

சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். பின்னால் ஐந்து அங்குலம் விடுங்கள். மாட்டும் வகை ஃபில்டருக்கு அந்த இடம் வேண்டும், மோட்டார் ஒயரைக் கழற்றி மாட்ட உங்கள் கைக்கும் வேண்டும். பல்லி முட்டை, ஒட்டடை, சிந்திய மீன் தீனிக்கு வரும் எறும்பு எல்லாவற்றையும் துடைக்கவும் அந்த இடைவெளிதான் வழி. சுவரில் ஈரம் ஏறி பெயின்ட் உரிவதும் குறையும்.

இத்தனை கணக்கும் காலித் தொட்டியாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். தண்ணீர் 70 கிலோ, கண்ணாடி, கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 2 அடித் தொட்டியே 100 கிலோவைத் தொடும். நிரப்பிய பிறகு நகர்த்தினால் ஒட்டிய சிலிக்கான் விட்டுப்போகும். 3 அடித் தொட்டி 200 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ தாங்க வேண்டும் என்பது இந்தியக் கட்டடத் தர விதியின் கணக்கு. 3 அடித் தொட்டி அந்தப் பாரத்தை அரை சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் இறக்குகிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். தளத்தின் நடுவில் வைக்காமல் பீமுக்கு மேலேயோ பாரம் தாங்கும் சுவரை ஒட்டியோ வைத்தால் சரி. ஆனால் 4 அடி, 5 அடி என்று போகிறவர்கள் கட்டியவரையோ ஒரு சிவில் இன்ஜினியரையோ கேட்காமல் வைக்காதீர்கள். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீட்டு மாடியில் இருப்பவர்கள் சின்னத் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பால்கனியில் வைக்க ஆசைப்படுபவர்கள் தரையின் வாட்டத்தைப் பாருங்கள். மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று கொத்தனார் அங்கே சரிவு வைத்திருப்பார். ஒரு பக்கம் சாய்ந்த தொட்டியில் பாரம் ஒரே மூலையில் இறங்கி கண்ணாடி விரிசல் விடும். கொத்தனாரிடம் ரசமட்டம் இருந்தால் வாங்கி ஸ்டாண்ட் மேல் வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மகோல் போடுவது கட்டாயம். ஸ்டாண்ட் இரும்பு ஆங்கிளாக இருக்கட்டும், அல்லது செங்கல் கட்டி மேலே கடப்பா கல் போடுங்கள். மரத்தூள் பலகை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடித்து ஊதிப்போய், ஒருநாள் உட்கார்ந்துவிடும்.

வெயில் விஷயத்தில் நம் ஊருக்குத் தனிக் கவனம் வேண்டும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் பாசி பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுவரின் சூடு பலருக்கும் தோன்றுவதில்லை. மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேற்குப் பார்த்த சுவரில் உள்ளங்கையை வையுங்கள். சுடும். ராத்திரி பத்து மணி வரை அந்தச் சூடு அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிராணவாயுவைப் பிடித்துவைக்கும். 32 டிகிரியில் அது 7.3 அளவுக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். கோடையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது பசியால் என்று நினைத்து இன்னும் தீனி போடாதீர்கள். உள்பக்கச் சுவர், இரண்டு அறைக்கும் பொதுவான சுவர், அதுதான் நல்ல சுவர். சீலிங் ஃபேன் காற்று மூடியின் இடைவெளி வழியாகத் தண்ணீர் மேல் பட்டால் சூடு ஓரிரு டிகிரி குறையும். தண்ணீர் வேகமாக வற்றும், அதை மட்டும் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

இனி சொல்லப்போவதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாலும் தகும். கொசு மருந்து.

செம்பாக்கம் ஏரி, சிட்லபாக்கம் ஏரி, சேலையூர் ஏரி, மாடம்பாக்கம் ஏரி, பீர்க்கன்கரணை ஏரி, அந்தப் பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் என்று நம்மைச் சுற்றித் தண்ணீர். கூடவே மழைநீர்க் கால்வாய்களும் காலி மனைகளில் தேங்கிய குட்டைகளும். சாயங்காலம் ஆறானால் ஜன்னலைச் சாத்தி, பிளக்கில் திரவக் கொசுவிரட்டியைச் சொருகாத வீடு தாம்பரம் பக்கம் எத்தனை இருக்கும்? அதில் இருக்கும் டிரான்ஸ்ஃப்ளுத்ரின், பிராலெத்ரின் எல்லாம் பைரித்ராய்டு வகை மருந்துகள். நம் உடம்பு இவற்றை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். மீனால் அப்படி முடியாது. மிகக் கொஞ்சம் தண்ணீரில் கலந்தாலே அதற்கு விஷம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏர் மோட்டார் அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. மோட்டாருக்குப் பக்கத்து பிளக்கில் கொசுவிரட்டி எரிந்தால், அந்த ஆவி நேராகத் தொட்டிக்குள் குமிழியாகப் போய்ச் சேரும். சுவிட்ச் போர்டு ஒன்றுதான் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சொருகும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஆகவே கொசுவிரட்டி ஏற்றும் படுக்கையறையில் தொட்டி வேண்டவே வேண்டாம். ஹாலில் தொட்டி இருந்தால் ஹாலில் மருந்து வேண்டாம். ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். தவிர்க்கவே முடியாது என்றால் அறையின் எதிர்க் கோடியில் சொருகி, தொட்டியை மூடியே வையுங்கள். கரப்பான்பூச்சி ஸ்ப்ரே அந்த அறைக்குள் வரவே கூடாது. தெருவில் மாநகராட்சிப் புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, மோட்டாரை நிறுத்தி, தொட்டி மேல் ஒரு ஈரத்துணியைப் போடுங்கள். புகை அடங்கியதும், அரைமணி நேரத்துக்குள், மோட்டாரைத் திரும்பப் போட மறக்காதீர்கள். தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் படலமாகத் தண்ணீர் மேல் படியும் என்பதால் அடுப்புக்கு நேரெதிரிலும் வைக்க வேண்டாம்.

கரன்ட் பற்றி. பிளக் பாயின்ட் தொட்டிக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் பின்னாலோ அடியிலோ இருக்க வேண்டாம். ஒயர் பிளக்கை விடத் தாழத் தொங்கி, பிறகு மேலே ஏறி பிளக்குக்குப் போகும்படி விடுங்கள். ஒயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தண்ணீருக்குள் கை விடும் முன் சுவிட்சை அணையுங்கள், அதனால் சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஏர் மோட்டாரைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால், கரன்ட் போன நேரத்தில் தண்ணீர் அந்த டியூப் வழியாகவே திரும்பி இறங்கி மோட்டாரையும் நனைத்துத் தரையையும் நனைக்கும். கீழே வைத்தே ஆகவேண்டுமென்றால் டியூப்பின் நடுவே திருப்பி விடாத வால்வு ஒன்று போடுங்கள். மீன் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், விலையும் சொற்பம்.

அந்தப் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பராமரிப்புக்காக மின்வாரியம் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை நிறுத்துவது நமக்குப் பழக்கம். மீன் அதைத் தாங்கிக்கொள்ளும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் புறநகரில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் ஒன்று வாங்கி வையுங்கள். கரன்ட் இல்லாத நேரத்தில் தீனி போடாதீர்கள். ஆரோக்கியமான மீன் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்துவிடும், அழுகும் தீனிதான் அதைக் கொல்லும். ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள். அந்தச் சலசலப்பில் கொஞ்சம் காற்று கலக்கும்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு வீட்டுக்குள் வந்தது. அங்கே தொட்டியை மாடிப்படிக்கு அருகில் இருக்கும் சுவரோரம் வையுங்கள். எச்சரிக்கை வந்தால் மீன்களை மூடிபோட்ட வாளியில் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவது எளிது. ஏரியிலோ கால்வாயிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று நினைக்கத் தோன்றும். பாசி தின்னும் என்று சொல்லி விற்கும் டேங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன். இப்படி விடப்பட்டுத்தான் நம் நீர்நிலைகளில் பெருகி, நம் ஊர் மீன்களின் முட்டையையும் இடத்தையும் பறிக்கிறது.

தண்ணீருக்கும் தொட்டிக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்குங்கள். லாரித் தண்ணீரிலும் மெட்ரோ வாட்டரிலும் குளோரின் இருக்கலாம். மூடாத டிரம்மில் 24 மணி நேரம் வைத்து விடுவது நல்லது, அவசரத்துக்குக் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சொட்டு விடலாம். சர்வீஸ் ஏரியாவில் 20 லிட்டர் டிரம் ஒன்று எப்போதும் நிறைந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். பக்கெட்டில் வெள்ளைப் படலம் படிவதே சாட்சி. அதற்காக ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி நிரப்பாதீர்கள், அதில் மீனுக்கு வேண்டிய தாது உப்பே இருக்காது. உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள். மோலி, கப்பி, பிளாட்டி மூன்றும் கடினத் தண்ணீரில் சந்தோஷமாகக் குட்டி போடும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் மென்மையான தண்ணீர் மீன்கள், நம் போர் தண்ணீரில் அவை படும் பாட்டைப் பார்க்க முடியாது. கொளத்தூருக்குப் போய்த்தான் வாங்குவேன் என்பவர்கள் காலையிலேயே போய் வாங்குங்கள். வகையும் விலையும் அங்கே தனிதான், ஆனால் அங்கிருந்து தாம்பரம் வரை மே மாத மதிய வெயிலில் பிளாஸ்டிக் பையில் வரும் மீன் பாதி உயிராகத்தான் வந்து சேரும்.

வீட்டில் பெரியவர்கள் வாஸ்து பார்த்து ஈசானிய மூலை என்று சொன்னால் எதிர்த்துப் பேச வேண்டாம். அந்த மூலையில் வெயில் படுகிறதா, கை எட்டுகிறதா, பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம், அவர்களுக்கும் மனநிறைவு. இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரோடு அவர்களையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள், "அத்தை, இங்கிருந்து அங்கே தூக்கணும்" என்றால் புரிந்துகொள்வார்கள். ஒன்பது தங்கமீன் விட்டால் அதிர்ஷ்டம் என்று 2 அடித் தொட்டிக்குள் ஒன்பதைப் போடுவதை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், பெரிதாக வளரும், கழிவும் அதிகம். 70 லிட்டர் அவற்றுக்குப் போதாது.

எல்லாம் ஒத்துவந்த பிறகும் உடனே நிரப்ப வேண்டாம். தொட்டியின் நீள அகலத்துக்குச் செய்தித்தாளை வெட்டித் தரையில் ஒட்டி ஒரு வாரம் புழங்குங்கள். கதவு திறக்கும்போது இடிக்குமா, பெருக்குபவர் எப்படி வளைந்து போகிறார், பிள்ளையின் பந்து எங்கே வந்து விழுகிறது என்று அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிறகு தொட்டியை வைத்து, தண்ணீர் மட்டும் விட்டு, இரண்டு நாள் கசிவு இருக்கிறதா என்று அடியில் ஒட்டிய செய்தித்தாளைத் தொட்டுப் பாருங்கள். கசிவு இல்லையென்றால் தண்ணீரை இறக்கிவிட்டு, கல்லைப் போட்டு அதன் மேல் ஒரு தட்டு வைத்துத் தட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் கல் கலையாது. ஃபில்டரை ஓடவிட்டு, இரண்டு மூன்று மோலியை மட்டும் விடுங்கள். பாக்டீரியா சேர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தீனியைக் குறைத்து, தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் மாற்றி, அதன் பிறகு மற்ற மீன்களை வாங்கப் போங்கள்.